போஸும் கூபோவும்: விஞ்ஞானமும் தாய்மொழியும்

விஞ்ஞான வரலாறு சில மேதைகளின் திடீர் ஞானோதயங்களின் கோவை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மேதையைச் சூழ்ந்திருந்த சமுதாயமும், அவன் கற்பித்த மொழியும் அங்கே இடம்பெறுவதில்லை. புள்ளிவிபரப் பொறிமுறை என்னும் துறையில் உலகப் புகழ் எய்திய கீழைத்தேயத்தவர் இருவரின் வரலாறு இக்குறையை நமக்கு உணர்த்தும். ஒருவர் வங்காளத்துச் சத்தியேந்திரநாத் போஸ். மற்றவர் யப்பானியரான றியோகோ கூபோ.

ஒரு குவளை நீரில் எண்ணிறந்த மூலக்கூறுகள் உள. அவை ஒவ்வொன்றின் இயக்கத்தையும் பின்தொடர்தல் எவராலும் இயலாது. ஆயின் அவற்றின் கூட்டு நடத்தையைக் கணக்கிட்டு, வெப்பநிலை, அமுக்கம் முதலியவற்றை விளக்கலாம். இதுவே அத்துறையின் பணியாகும்.

1894இல் கல்கத்தாவிற் பிறந்த போஸ், 1921 முதல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தார். கலாநிதிப் பட்டம் பெறாதவர். அதுவரை ஐரோப்பிய ஆய்வுகூடங்களைக் கண்டறியாதவர். அங்கிருந்தே 1924 யூன் 4ஆம் நாள் ஐன்ஸ்டைனுக்குத் தம் கட்டுரையை அனுப்பினார். அதன் சிறப்பை உணர்ந்த ஐன்ஸ்டைன், தாமே அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார்.

அக்கட்டுரையின் கருத்தை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். இரு நாணயங்களைச் சுண்டினால் தலை‑தலை, தலை‑பூ, பூ‑தலை, பூ‑பூ என நான்கு நிலைகள் உண்டு. நாணயங்களை வேறுபடுத்தி அறியவே முடியாது என்றும், எஞ்சும் நிலைகள் யாவும் சம வாய்ப்புடையன என்றும் கொண்டால் என்ன ஆகும்? நடுவிலுள்ள இரண்டும் ஒன்றாகி, மூன்று நிலைகளே எஞ்சும். ஒன்று தலையும் மற்றது பூவுமாக அமையும் வாய்ப்பு இரண்டிலொன்றிலிருந்து மூன்றிலொன்றாகக் குறையும். ஒளித்துணிக்கைகளை இவ்வாறு எண்ணியே போஸ் பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் பெற்றார். ஐன்ஸ்டைன் இம்முறையை அணுக்களுக்கும் விரித்து, கடுங்குளிரில் அவை ஒரே நிலையில் ஒடுங்கும் என்றார். 1995இல் றுபீடியம் அணுக்களைக் கொண்டு அது மெய்ப்பிக்கப்பட்டது.

இப்புகழோடு போஸ் அமைந்துவிடவில்லை. 1948இல் வங்க விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவி, 'அறிவும் விஞ்ஞானமும்' எனப் பொருள்படும் பெயருடைய வங்க இதழை வெளிவரச் செய்தார். 1962இல் யப்பான் சென்றபோது, அந்நாட்டு அறிஞர் உயர் விஞ்ஞானத்தையும் தம் மொழியிலேயே விவாதிப்பதைக் கண்டார். அவர் நெடுநாள் வற்புறுத்தி வந்த கொள்கைக்கு அது கண்கூடான சான்றாயிற்று.

அந்த யப்பானின் புதல்வரே கூபோ. 1920இல் தோக்கியோவிற் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே கற்றுப் பேராசிரியரானார். ஒரு பொருளின் மீது மின்புலம் போன்ற புறவிசையொன்று மெல்லெனத் தாக்கும்போது அது எவ்வாறு எதிர்வினையாற்றும் என்பதை, சமநிலையில் அதனுள் இயல்பாக எழும் தளம்பல்களிலிருந்தே கணிக்கலாம் என்று 1957இல் நிறுவினார். கூபோ சூத்திரம் என இன்றும் அது வழங்குகின்றது. அவ்வாய்வை உலகிற்கு ஆங்கிலத்தில் அளித்த அவரே, மாணவருக்கான பயிற்சி நூலை யப்பானிய மொழியில் ஆக்கினார். 1961இல் வெளிவந்த அந்நூலை, 1965இல் ஆங்கில உலகம் மொழிபெயர்ப்பிற் பெற்றுப் பயின்றது!

இனி நம் நிலையை நோக்குவோம். முகத்துவாரத்திலோ கொட்டாஞ்சேனையிலோ உயர்தர வகுப்புவரை தமிழிற் பௌதிகம் கற்ற தொழிலாளியின் பிள்ளை, பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்தை எதிர்கொள்கிறது. அங்கே அது தடுமாறுவது பௌதிகத்திலன்று, மொழியில். ஆயினும் அத்தடுமாற்றம் அறிவின்மை என்று கணிக்கப்படுகிறது. பணம் படைத்தோர் ஆங்கிலத்தை விலைகொடுத்து வாங்கிக்கொள்வர். ஏனையோர்க்கு அதுவே மதிலாகின்றது.

1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. சொற்கள் இல்லாமலில்லை, அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட உயர்நிலை நூல்களே அரியன. அகராதியிற் கிடக்கும் சொல் வித்து மட்டுமே. வகுப்பறையிலும் ஏட்டிலும் விதைத்தாலன்றி அது முளைப்பதில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். உலகோடு உரையாட ஒரு மொழியும், தம் மக்களோடு சிந்திக்கத் தாய்மொழியும் கூபோவுக்கு ஒருங்கே பயன்பட்டன. நம் ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் கற்றவற்றில் ஒரு பகுதியையேனும் தெளிந்த தமிழில் எழுதிவைப்பாராயின், அம்மதிலின் முதற் கல் பெயரும்.