நூற்றுக்கு மூவர் கேட்ட அமைதி

1952-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புரைத்தது. அவ்வழக்கு கொலையைப் பற்றியதன்று. நிலத்தைப் பற்றியதும் அன்று. வாஷிங்டன் நகரத்து டிராம் வண்டிகளிலும் பஸ்களிலும் வானொலி பாடலாமா, கூடாதா என்பதே வழக்கு. நீதிபதிகள் ஒன்பதின்மர் அமரும் மன்றத்தில் அன்று எண்மரே முடிவு கூறினர். ஒன்பதாமவராகிய பெலிக்ஸ் பிராங்பர்ட்டர் விலகிக்கொண்டார். அதற்கு அவர் எழுதிவைத்த காரணம் வியப்புக்குரியது. தாமும் அவ்வொலிக்கு ஆளாகித் துன்புற்றவர்களுள் ஒருவர் என்றும், தம் உணர்ச்சி இவ்வழக்கில் மிகுதியும் ஈடுபட்டுவிட்டதால் நடுநிலையாளராக அமரத் தாம் தக்கவரல்லர் என்றும் அவர் தெரிவித்தார். அமைதி வேண்டும் என்று நினைத்த ஒருவர், அமைதியைப் பற்றிய வழக்கில் வாய் திறக்க முடியாமற் போயிற்று.

டிராம் வண்டிக்குள் வானொலி எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சும்மா இருக்க மாட்டாமை மனிதனுக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். தன் அறையில் தன்னோடு தனித்திருக்க அஞ்சும் மனிதன் வேட்டை, சூதாட்டம், அரசவை என்று எதையாவது தேடி ஓடுகிறான் என்பது அவர் கண்ட உண்மை. ஆனால் பாஸ்கல் காலத்து மனிதன் அவற்றைத் தேடிப் போக வேண்டியிருந்தது. குதிரை ஏறாமல் வேட்டை இல்லை. பாட்டுக் கேட்க விரும்பினால் பாடுவோர் இருக்குமிடத்துக்கு நடந்தாக வேண்டும். அவர் பாடி முடித்தால் எழுந்து வர வேண்டும். யாரும் தேடாமலே, யாரும் கேட்காமலே, ஒலி தானாக வந்து காதருகே குடியிருப்பது இருபதாம் நூற்றாண்டின் ஏற்பாடு.

அவ்வேற்பாட்டுக்கு அடிகோலியவர் ஒரு படைத் தலைவர். ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் என்னும் அவர் முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவுக்குத் தலைமை பூண்டவர். ஒரே கம்பியில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பும் முறையை அவர் போருக்கு முன்பே கண்டிருந்தார். கம்பி வழியாகச் செய்தி போகுமானால் இசையும் போகுமன்றோ? 1922-இல் அவருடைய முறையைக் கொண்டு ஒரு நிறுவனம் தொடங்கியது. 1934-இல் அதற்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. ‘கோடாக்’ என்னும் புகைப்படக் கருவியின் பெயர் ஸ்குவையருக்குப் பிடித்திருந்தது; ‘மியூசிக்’ என்பதன் தலையையும் ‘கோடாக்’ என்பதன் வாலையும் ஒட்டி ‘மியூசாக்’ ஆக்கினார். அதே ஆண்டில் அவர் மறைந்தார். தம் கம்பி உலகத்துக் கடைகளையெல்லாம் சுற்றி வளைக்கப் போவதை அவர் காணவில்லை.

முதலில் வீடுகளுக்கு இசை விற்பதே நோக்கமாக இருந்தது. வீடுகளில் வானொலிப் பெட்டி வந்துவிட்டதால் அவ்வாணிகம் செழிக்கவில்லை. எனவே நியூயார்க் நகரத்து உணவு விடுதிகளையும் ஓட்டல்களையும் நாடினர். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யும் தொழிலாளியின் சலிப்பைப் பற்றி 1937-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இசை கேட்கும் நேரத்தில் வேலை சற்று மிகுதியாக நடைபெறுகிறது என்று காட்டியது. போர் மூண்டதும் அவ்வாராய்ச்சிக்கு மதிப்பு உயர்ந்தது. 1940 ஜூன் 23-ஆம் நாள் பிபிசி வானொலி தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அஃது 1967 வரை நடந்தது. எல்லாப் பாட்டும் அதற்கு உதவவில்லை. கைதட்டலுக்கு இடம் வைத்த ஓர் அமெரிக்கப் பாடல் விலக்கப்பட்டது. ஏனெனில் அப்பாட்டு வந்ததும் தொழிலாளர் கையிலிருந்த கருவியை வைத்துவிட்டுக் கைதட்டவோ, அக்கருவியாலேயே மேசையைத் தட்டவோ தொடங்கினர்! கேட்பவன் கவனித்துக் கேட்டால் பாட்டுத் தோற்றது என்று பொருள். இசைக்கு இஃதொரு விந்தையான இலக்கணம்.

மியூசாக் நிறுவனத்தார் அவ்விலக்கணத்தை இன்னும் செம்மைப்படுத்தினர். சொல் வந்தால் செவி சொல்லின்பின் போகும். ஆகவே குரலை நீக்கிக் கருவி இசையை மட்டும் தந்தனர். முற்பகலிலும் பிற்பகலிலும் உடல் தளரும் வேளை அறிந்து இசையின் வேகத்தைக் கூட்டினர். ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. அவர்கள் இடைவிடாது வாசிக்கவில்லை. 15 நிமிடம் இசை, 15 நிமிடம் மௌனம் என்று மாற்றி மாற்றி வைத்தனர். ஓயாத ஒலி ஒலியாகவே கேளாது என்பதை ஒலி விற்றவர்கள் அறிந்திருந்தனர். இன்றைய பேரங்காடிக்காரர்கள் அவ்வளவு கூட அறிந்ததாகத் தெரியவில்லை.

போர் முடிந்தபின் இவ்வாணிகம் தொழிற்சாலையை விட்டுத் தெருவுக்கு வந்தது. 1949-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இசையும் விளம்பரமும் ஒலிபெருக்கியில் முழங்கலாயின. பயணிகள் சிலர் எதிர்த்தனர். ‘நியூயார்க்கர்’ இதழின் ஆசிரியர் ஹெரால்ட் ராஸ் ஆணையத்தின் முன் சென்று சாட்சி சொன்னார். அவருடைய இதழும் நையாண்டி செய்தது. 1950 பிறந்தவுடன் ரயில் நிறுவனம் ஒலிபெருக்கியை நிறுத்திக்கொண்டது. அங்கே சட்டம் தலையிட வேண்டிய தேவையே எழவில்லை. நகைப்பு ஒன்றே போதியதாயிற்று.

வாஷிங்டனில் கதை வேறு. அங்கே டிராம், பஸ் ஓட்டும் நிறுவனம் ஒன்றே. 1948-இல் சோதனையாகச் சில வண்டிகளில் வானொலி வைத்து, அடுத்த ஆண்டில் 200-க்கு மேற்பட்ட வண்டிகளில் பொருத்திவிட்டனர். நிகழ்ச்சியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இசை. எஞ்சியதில் பாதி அறிவிப்பு, பாதி விளம்பரம். அவ்விளம்பரத்துக்காகவே மற்றவை. வேறு வண்டி இல்லாதவன் எங்கே போவான்? கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. படிப்பவர், களைத்துக் கண்ணயர்பவர், கவலையோடு மருத்துவமனைக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே நாட்டிய இசையைக் கேட்டாக வேண்டும்.

பொதுப் பயன்பாட்டு ஆணையம் விசாரணை நடத்தியது. நிறுவனத்தார் பயணிகளிடம் எடுத்த கருத்துக் கணிப்பைக் காட்டினர். 76.3 விழுக்காட்டினர் வானொலியை விரும்பினர். 13.9 விழுக்காட்டினர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றனர். 3.2 விழுக்காட்டினர் தெரியாது என்றனர். 6.6 விழுக்காட்டினர் விரும்பவில்லை, அவர்களிலும் 3.6 விழுக்காட்டினர் பெரும்பான்மையோர் விரும்பினால் தாங்கள் தடை சொல்வதில்லை என்று விட்டுக்கொடுத்தனர். கடைசியாக உறுதியுடன் நின்றவர் நூற்றுக்கு மூவர். வானொலி பயணத்தின் நலத்தைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை என்று ஆணையம் முடிவு செய்தது.

அக்கணிப்பில் கேள்வி ஒன்று விடுபட்டிருந்தது. வானொலி வேண்டுமா என்று கேட்டனர். வானொலி இல்லாத வண்டியில் உங்களுக்கு என்ன குறை என்று எவரும் கேட்கவில்லை. அதற்கு முன்னர்ப் பல்லாண்டுக் காலம் அம்மக்கள் அதே வண்டிகளில் வானொலியின்றிப் போய் வந்தவர்களே. குறையில்லாத இடத்தில் ஒரு பொருளை வைத்து, வைத்தபின் அது பிடிக்கிறதா என்று கேட்பது விற்பவனின் திறம். சிலர்க்குப் பிடித்து, மற்றவர் ‘இருக்கட்டும்’ என்றால் அவனுக்கு அதுவே போதும். எங்கும் நிறைந்த ஒலி இவ்வாறுதான் இடம் பிடித்தது. பலர் விரும்பினர் என்பதனால் மட்டுமன்று, வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதனாலும்.

எதிர்த்த பயணிகளில் சட்டம் அறிந்த இருவர் வழக்கை மேலே கொண்டு சென்றனர். 1951-இல் மேல்முறையீட்டு மன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கேட்கக் கட்டாயப்படுத்துவது ஒருவனுடைய உரிமையைப் பறிப்பதாகும் என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற முறையில் அதை மாற்றிவிட்டது. பொது வண்டியில் ஏறியவன் தன் வீட்டுத் தனிமையை அங்கே எதிர்பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்பது நீதிபதி பர்ட்டன் எழுதிய தீர்ப்பின் சாரம். எழுவருள் ஒருவராகிய நீதிபதி பிளாக், இசை போகலாம், செய்தியும் பிரசாரமும் கூடாது என்று தனியே எழுதினார். மாறுபட்டு நின்றவர் நீதிபதி டக்ளஸ் ஒருவரே. தன்னைத் தன்போக்கில் இருக்கவிடுமாறு கேட்கும் உரிமையே எல்லா உரிமைகளுக்கும் தொடக்கம் என்று அவர் வாதிட்டார். இன்று பாட்டை ஊட்டும் ஒலிபெருக்கி நாளை எதையும் ஊட்டும் என்று எச்சரித்தார். வென்ற நிறுவனத்துக்கும் வெற்றி நிலைக்கவில்லை. விளம்பர வருவாய் எதிர்பார்த்தபடி வாராமையால் சில ஆண்டுகளுக்குள் வண்டி வானொலி மறைந்தது.

தீர்ப்பு வந்த மூன்று மாதங்களில், ஆகஸ்ட் 29-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக் என்னும் ஊரில் ஓர் இசை அரங்கேறியது. டேவிட் டியூடர் என்பவர் பியானோவின் முன் அமர்ந்து, மூடியைச் சாத்தி, 4 நிமிடம் 33 விநாடி ஒன்றும் வாசிக்காதிருந்தார். அதை இயற்றியவர் ஜான் கேஜ். பலர் இதைக் கோமாளித்தனம் என்றனர், இன்றும் சொல்வர். ஆனால் 1948-இல் ஆற்றிய ஓர் உரையிலேயே அவர் தம் கருத்தைச் சொல்லிவிட்டார். ஒலியே இல்லாத ஒரு துண்டை இயற்றி அதை மியூசாக் நிறுவனத்துக்கு விற்க வேண்டும் என்பது அவர் ஆசை! கடைகளில் ஓடும் இசைத்துண்டின் நீளம் மூன்று அல்லது நாலரை நிமிடம். தம் மௌனமும் அதே நீளம் இருக்கட்டும் என்றார்.

கேஜ் 1951 அளவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலியற்ற ஓர் அறைக்குள் சென்றார். அங்கும் அவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன, ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. உயர்ந்தது நரம்பின் ஒலி, தாழ்ந்தது குருதி ஓடும் ஒலி என்று அங்கிருந்த பொறியாளர் விளக்கினார். தமிழ் ஆசிரியர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு வரக்கூடும். சங்கப் புலவர் நடு இரவை ‘நள்ளென்’ யாமம் என்றனர். ‘நள்’ என்பது ஒலிக்குறிப்புச் சொல். ஊர் உறங்கியபின் எஞ்சும் அமைதிக்கு ஓர் ஓசை உண்டு என்று கேட்டறிந்து, அதற்குப் பெயரும் வைத்த காதுகள் அவை.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கம்பி வழி ஒலி வந்தது அந்த வாஷிங்டன் வழக்குக் காலத்திலேதான். 1949-இல் ரீடிப்யூஷன் சேவை தொடங்கியது. வீட்டுச் சுவரிலும் காப்பிக் கடையிலும் பெட்டி ஏறியது. ஆனால் இங்கே அதன் வரலாறு வேறு வழியில் சென்றது. லீ டாய் சோ போன்றவர்கள் கண்டோனீஸ் மொழியில் கதை சொல்லத் தொடங்கினால் காப்பிக் கடையில் மக்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டனர். அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் அரசாங்கம் வைத்த பொது வானொலிப் பெட்டியைச் சுற்றியும் கூட்டம் கூடியது. அரசாங்கத்தின் நோக்கம் பிரசாரமே என்பதில் ஐயமில்லை. கேட்டவர்கள் கேட்டார்கள் என்பதும் உண்மை. கேட்பதற்காக வைத்த ஒலிக்கும், கேளாதிருப்பதற்காக வைத்த ஒலிக்கும் உள்ள வேற்றுமை இதுவே. சிங்கப்பூர் ரீடிப்யூஷன் 2012 ஏப்ரல் 30-ஆம் நாள் ஓய்ந்தபோது பலர் வருந்தினர். மியூசாக் 2009-இல் நொடித்து, 2011-இல் கைமாறி, 2013-இல் பெயரும் இழந்தது. அதற்காகக் கண்ணீர் விட்டவர் அரியர்.

இடையில் 1969-இல் யுனெஸ்கோவைச் சார்ந்த அனைத்துலக இசை மன்றம், பதிவிசையும் வானொலி இசையும் எங்கும் திணிக்கப்படுவதைக் கண்டித்து, மௌனம் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்று தீர்மானம் இயற்றியது. இசைவாணர்களே இசையை நிறுத்தச் சொன்னார்கள்! பயன் விளையவில்லை. 1954-இல் டிரான்சிஸ்டர் வானொலியும் 1979-இல் சோனி ‘வாக்மன்’ கருவியும் வந்தபின் ஒலிபெருக்கிக்காரன் தேவையில்லாமற் போயினான். டக்ளஸ் அஞ்சிய திணிப்பை மனிதன் தன் கையாலேயே காதில் செருகிக்கொண்டான். வழக்குத் தொடுக்க எதிராளி இல்லை.

2014-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர் திமதி வில்சன் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆட்களைத் தனியறையில் 15 நிமிடம் ஒன்றும் செய்யாது, தம் எண்ணத்தோடு இருக்குமாறு விட்டனர். அறையில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் மின்னதிர்ச்சி. அவ்வதிர்ச்சியை முன்பே சுவைத்து, இனி அது வாராதிருக்கப் பணமும் கொடுப்போம் என்று சொன்னவர்களே அவர்கள். ஆயினும் ஆடவர் 18 பேரில் 12 பேரும் பெண்டிர் 24 பேரில் 6 பேரும் பொத்தானை அழுத்தினர். வெறும் ஆர்வத்தால் அழுத்தியிருக்கலாம் என்று மறுப்போர் உண்டு. ஒரு முறை அழுத்தியவர்க்கு அது பொருந்தும். கணக்கில் சேர்க்காது தள்ளப்பட்ட ஓர் ஆடவர் 190 முறை அழுத்தினார். மியூசாக் நிறுவனத்தார் தொழிலாளர்க்கு இரண்டு இசைக்கு நடுவே விட்டுவைத்த மௌனமும் அதே 15 நிமிடந்தான்.