சாஸ்: ஒரு பெயரும் ஒரு புள்ளியும்

புள்ளியியல் பட்டம் முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், பலர் 'சாஸ் படிக்கிறேன்' என்பார்கள். மருந்து ஆய்வு நிறுவனங்களிலும் வங்கிகளிலும் வேலைக்குக் கதவு திறந்துவிடும் மென்பொருள் அது. ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல் அதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால், அது மூன்று சொற்களின் முதலெழுத்து என்பதே மறந்துபோய்விட்டது. விரித்தால் ஸ்டாட்டிஸ்டிக்கல் அனாலிசிஸ் சிஸ்டம்.

பெயர் பிறந்தது வயலை ஒட்டி. 1966இல் அமெரிக்காவின் வடக்கு கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்டனி பார் இந்த வேலையைத் தொடங்கினார். தென்மாநில வேளாண் ஆய்வு நிலையங்களில் குவிந்த விளைச்சல் கணக்குகளுக்கு ஒரு பொதுக் கருவி தேவைப்பட்ட காலம் அது. ஜிம் குட்நைட், ஜான் சால், ஜேன் ஹெல்விக் ஆகியோரும் சேர்ந்துகொள்ள, 1976இல் அது தனி நிறுவனமானது. வயல் வாடை இன்னும் போகவில்லை. இன்றைக்கு இரத்த அழுத்த மாத்திரையைச் சோதிப்பவர்களும் 'ஸ்ப்ளிட் ப்ளாட்', 'பிளாக்' என்றுதான் பேசுகிறார்கள். ப்ளாட் என்பது பாத்தி, பிளாக் என்பது ஒரே மண்வாகுள்ள நிலத்துண்டு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1920களில் உரச் சோதனைக்காக வகுத்த முறையோடு வந்த பேச்சு இது.

பெயரின் முதல் சொல் இன்னும் பழையது. 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஆகன்வால் என்ற பேராசிரியர் பரப்பிய 'ஸ்டாட்டிஸ்டிக்', அரசைப் பற்றிய அறிவையே குறித்தது. ஜான் சின்கிளேர் 1791 முதல் ஸ்காட்லாந்தின் ஊர் ஊராகத் தகவல் திரட்டி வெளியிட்டபோது அதை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தினார். அங்கே வேர்ச்சொல் அரசு.

தமிழோ அரசைத் தேடிப் போகவில்லை, புள்ளியை எடுத்துக்கொண்டது. எனக்கு இந்தத் தேர்வு மிகவும் பிடிக்கும். செட்டிநாட்டு நகரத்தாரிடையே மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. நகரக் கோயிலுக்கு வரி புள்ளிக் கணக்கில்தான். யாழ்ப்பாணத்தில் பரீட்சையில் வாங்குவதும் புள்ளி. ஊரில் செல்வாக்குள்ளவர் பெரும்புள்ளி. ஆளையும் குடும்பத்தையும் மதிப்பெண்ணையும் ஒன்று ஒன்றாக எண்ணிவைக்கும் பழக்கம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. புள்ளியியல் என்று பெயர் வைத்தவர்கள் நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

நான் சாஸ் கற்றுக்கொண்ட பயிற்சி நிலையத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் ஒரு சிறு நிரல் எழுதினோம். 'டேட்டா' என்று தொடங்கி ஒரு பெயர், 'இன்புட்' என்று போட்டு எண், தமிழ், கணக்கு என மூன்று தலைப்புகள், அதற்கடுத்து 'கார்ட்ஸ்' என்று ஒரு வரி. அதன் கீழே மதிப்பெண்கள். கார்ட்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். 'அது அப்படித்தான், போடுங்க' என்றார் ஆசிரியர்.

அது துளை அட்டை. ஐ.பி.எம். 1928இல் கொண்டுவந்த 80 பத்தி அட்டை. சாஸ் பிறந்த நாளில் நிரலின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை, தரவின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை. 'இனி வருபவை தரவு அட்டைகள்' என்று இயந்திரத்துக்கு அறிவிப்பதுதான் அந்தச் சொல். பிற்பாடு 'டேட்டாலைன்ஸ்' என்று மாற்றுச் சொல் வந்தது. ஆனாலும் பழையதை எடுத்துவிடவில்லை, இன்றும் எழுதினால் ஓடும்.

வகுப்பில் நான் தந்த மூன்று வரிகள் இவை: 101 72 64. அடுத்து 102 58. அடுத்து 103 81 90. இரண்டாவது பிள்ளை கணக்குத் தேர்வு எழுதவில்லை, அதனால் இடத்தைக் காலியாக விட்டேன். விடையில் இரண்டே பேர் இருந்தார்கள். 102ஆம் எண்ணுக்குக் கணக்கில் 103 மதிப்பெண். 103ஆம் எண் காணவில்லை. இன்புட் மூன்று எண்கள் கேட்டது, இரண்டாவது அட்டையில் இரண்டுதான் கிடைத்தன, மூன்றாவதற்காக அடுத்த அட்டையைத் தொட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டு நகர்ந்தது. புது வரிக்குப் போனதாக, நிரல் ஓடியதைப் பதியும் லாகில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. கார்ட்ஸ் என்ற சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் அன்றைக்கு அரை நாள் விழித்திருக்க மாட்டேன்.

தீர்வு ஒரே ஒரு எழுத்து. காலி இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சாஸில் எண் இல்லை என்பதற்கு அடையாளம் புள்ளிதான். புள்ளி வைத்ததும் 103 திரும்பி வந்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் 'க்' என்ற எழுத்துதான் மனத்தில் இருந்தது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ககரத்தின் தலையில் புள்ளி இருந்தால் அதில் உயிர் இல்லை என்று பொருள். ஒன்று இல்லை என்பதை வெற்றிடமாக விடாமல் குறி போட்டுக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் எழுத்துக்குள் இத்தனை நூற்றாண்டுகளாக இருக்கிறது. வடக்கு கரோலைனாவுக்கும் தொல்காப்பியத்துக்கும் தொடர்பு கிடையாது. இரண்டு இடத்திலும் தேவை ஒன்று, கைக்கு அகப்பட்ட குறியும் ஒன்று.

ஆனால் சாஸின் புள்ளியில் ஒரு பொறி இருக்கிறது. ஒப்பிடும்போது அது எந்த எண்ணையும்விடச் சிறியதாகக் கொள்ளப்படும், கழித்தல் எண்களையும் சேர்த்து. '35க்குக் குறைவானால் தோல்வி' என்று எழுதினால், தேர்வே எழுதாதவளும் தோற்றவளாகிவிடுவாள். ஆர் என்ற மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் உருவாக்கியது அது. அவர்களின் முதலெழுத்து ஆர், பெல் ஆய்வகத்தின் எஸ் மொழிக்கு ஓரெழுத்து முந்தியதும் ஆர். அங்கே இல்லாததை 35ஓடு ஒப்பிட்டால் விடையும் 'இல்லை' என்றே வரும்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்குப் பாடத்திட்டத்தில் எதை விட்டாலும் இந்தப் புள்ளியை விடுவதில்லை. அவர்களில் பலர் மருந்துச் சோதனைத் தரவுகளோடு வேலை செய்யப் போகிறவர்கள். நான்காம் வாரப் பரிசோதனைக்கு ஒரு நோயாளி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தரவில் அவருடைய இரத்த அழுத்தத்துக்கு நேரே புள்ளி இருக்கும். '140க்குக் குறைந்தால் கட்டுப்பாட்டில்' என்று மட்டும் ஒருவர் எழுதிவிட்டால், வராத அந்த மனிதர் மருந்தால் தேறியவர்களின் கணக்கில் ஏறிவிடுவார்.