ரத்தம் கேட்ட ராக் அண்ட் ரோல் பாட்டு

1956-ல அமெரிக்காவுல ஒரு பாட்டு வந்துச்சு. பேரு 'டிரான்ஸ்ஃபியூஷன்'. ஆமாங்க, ரத்தம் ஏத்துறதுக்கு நாங்க சொல்ற அதே வார்த்தைதான். எழுதிப் பாடினவர் ஜிம்மி டிரேக், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துல இருந்த லாரி டிரைவர். ரெக்கார்டுல போட்ட பேரு நெர்வஸ் நார்வஸ். ராக் அண்ட் ரோல்னாலே சின்னப் பசங்க சமாச்சாரம்னு இருந்த காலத்துல இவருக்கு வயசு 44!

பாட்டுல ஒருத்தன் கண்ணுமண்ணு தெரியாம கார் ஓட்டுவான். நடுக்கோட்டைத் தாண்டுவான். டயர் கிறீச்சிடும், 'டமால்'. இனிமே வேகமாவே போகமாட்டேன்னு சத்தியம் பண்ணி, ரத்தம் ஏத்தச் சொல்லுவான். அடுத்த சரணத்துல மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிச்சிருப்பான். மறுபடி டமால், மறுபடி சத்தியம்.

ஒரு இடத்துல 'ஓ' குரூப்பே வேணும்னு கேட்பான். (நீங்க கேக்குற குரூப்பை எல்லாம் நாங்க ஏத்தமாட்டோம். சாம்பிள் எடுத்து, குரூப் பார்த்து, கிராஸ் மேட்ச் பண்ணித்தான் ஏத்துவோம்.)

ரத்தத்தை வெச்சு காமெடியான்னு பல ரேடியோ நிலையங்கள் இதைத் தடை பண்ணின. இருந்தும் பில்போர்டு பட்டியல்ல 8-வது இடம் வரைக்கும் போச்சு.

இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்த ஜோக் யாருக்கும் புரிஞ்சிருக்காது. சிகாகோவின் குக் கவுண்டி ஆஸ்பத்திரியில ரத்த வங்கி தொடங்கினதே 1937-லதான். அப்புறம் உலகப்போர் வந்து, ரத்தம் ஏத்துறது சாதாரண விஷயமாச்சு. அதே சமயம் கார் எஞ்சின்களோட குதிரைசக்தியும் ஏறிக்கிட்டே போச்சு. பாட்டு வந்த காலத்துல அங்க வருஷத்துக்கு 35,000 பேருக்கு மேல ரோட்டுல செத்தாங்க.

எனக்கு இதுல ஒரு குறை உண்டு. பழி மொத்தமும் டிரைவர் தலையில. அன்னைக்குக் கார்ல மோதினா வளைஞ்சு கொடுக்காத ஸ்டியரிங் தண்டு நெஞ்சுல இறங்கும். 1956-ல ஃபோர்டு கம்பெனி சீட் பெல்ட் கொடுத்துச்சு, ஆனா தனிக் காசு. புதுக் கார்கள்ல பெல்ட் கட்டாயமானது 1968-லதான். இதைப் பத்தி பாட்டுல ஒரு வார்த்தை கிடையாது.

ஆனா அந்தச் சத்தியத்தை டிரேக் சரியாப் பிடிச்சிருக்கார். கேஷுவாலிட்டியில அதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். தொடையில ராடு வெச்ச ஒரு தம்பி, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு "இனிமே பைக்கே தொடமாட்டேன்"னு அழுதான். அவனுக்கும் ரெண்டு யூனிட் ஏத்தினோம். ஆறு மாசம் கழிச்சு செக்கப்புக்கு வந்தான். பைக்லதான். ஹெல்மெட் எங்கடான்னு கேட்டா, சிரிக்கிறான்.