பொம்மையும் நிஜமும்

நடுவர் அவர்களே! கோரப் படம் பார்க்கிற ஆசை இந்தக் காலத்துக் கோளாறுன்னு எதிரணி நண்பர் சொன்னார். இல்லை ஐயா! 12ஆம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், பேய்கள் போர்க்களத்துப் பிணங்களை வைத்தே கூழ் சமைக்கின்றன. ஏன் ரசித்தோம்? கற்பனைன்னு தெரியும். பயம் நம்மைத் தொடும், கடிக்காது.

நம்ம விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்காரரும் பொம்மையைப் பொம்மை என்றுதான் விற்கிறார். அந்த நேர்மையை ஓர் இத்தாலியப் படம் கைவிட்டது. 1980இல் வந்த 'கானிபல் ஹோலோகாஸ்ட்'. காட்டில் காணாமல் போனவர்கள் எடுத்த படச்சுருள் என்றே காட்டினார்கள். நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டாரோ என்று இயக்குநர் தியோடாட்டோ மேல் வழக்கே வந்தது! நடிகர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டித்தான் அந்தப் பழி நீங்கியது.

ஆனால் படத்தில் செத்த ஆமை? அது நிஜம் ஐயா! நாம பயப்பட ஆசைப்படலாம். அதுக்காக ஓர் உயிர் போகலாமா?