இஸ்திக்லால் வீதியின் கடைகள்

இஸ்தான்பூலின் இஸ்திக்லால் வீதியை உஸ்மானியர் காலத்தில் ‘பெரிய வீதி’ என்றனர். கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் நடத்திய துணிக்கடைகளும் இனிப்பகங்களும் அதில் நிறைந்திருந்தன. குடியரசு உருவானபின் சுதந்திரம் எனப் பொருள்படும் இன்றைய பெயர் வந்தது.

1955 செப்டம்பர் 6 இல், கிரேக்கத்தில் அதாதுர்க் பிறந்த வீட்டருகே குண்டு வெடித்ததென்ற செய்தி பரவ, கும்பல்கள் சிறுபான்மையினரின் கடைகளை நொறுக்கின. துணிகள் தெருவெங்கும் மிதிபட்டன. 1964 இல் கிரேக்கக் குடியுரிமையுடையோர் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர்.

1990 இல் வாகனங்கள் தடுக்கப்பட்டு இது பாதசாரிகளின் வீதியானது. பழைய ட்ராம் வண்டியும் திரும்பியது. பின்னர் பெருநிறுவனக் கடைகள் பெருகின. 1944 இல் தொடங்கிய இன்ஜி இனிப்பகம் 2012 இல் தன் கட்டடத்தை இழந்து, அயல் தெருவில் மீண்டும் திறந்தது.

1955 இல் கடையிழந்தோர் பலர் நாட்டையே விட்டுப் போயினர். கடைவீதிகள் எரியக் கண்ட நமக்கு இவ்வேறுபாடு புரியும்.