பெயர் மறைத்துப் பிறந்த கிற்றார்

பழைய கிற்றார் ஒன்றின் தலைப்பகுதியில் 'றெக்கோடிங் கிங்' என்ற எழுத்துக்களைக் காண்பவர், அப்பெயரில் ஒரு தொழிற்சாலை இருந்திருக்கும் என எண்ணுவது இயல்பே. 1930களில் அப்படியொரு தொழிற்சாலை இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மொன்ட்கொமரி வார்ட் என்ற பெரும் அங்காடி நிறுவனம், தான் விற்ற இசைக்கருவிகளுக்குச் சூட்டிய வணிகப் பெயரே அது. அவற்றைச் செய்தவர் எவர் என்பது வெளியே எங்கும் எழுதப்படவில்லை.

மொன்ட்கொமரி வார்ட் 1872இல் சிக்காகோவில் தபால் வழி வணிகமாகத் தொடங்கியது. கடைகளைத் திறக்கத் தொடங்கியது 1926இலேதான். அதன் போட்டியாளரான சியர்ஸ் றோபக் நிறுவனமும் அதே நகரில், அதே வழியில் வளர்ந்தது. 1896இல் கிராமங்களுக்கு இலவசத் தபால் விநியோகமும் 1913இல் பொதித் தபாலும் வந்தபின், கலப்பை முதல் கிற்றார் வரை யாவும் விலைப்பட்டியற் புத்தகத்தின் மூலம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தன. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுக்கு இதில் இன்னொரு விடுதலையும் இருந்தது. ஊர்க்கடையிலே வெள்ளையர் அனைவரும் வாங்கி முடியும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள். தபாலில் அனுப்பும் கட்டளைப் பத்திரமோ எழுதியவரின் தோல் நிறத்தைக் கேட்பதில்லை. அந்நாட்டின் நாட்டார் இசையை எழுதுவோர் பாடகர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். இந்த விலைப்பட்டியலுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

சியர்ஸின் கதை எளிது. 1916இல் அது சிக்காகோவின் ஹார்மனி தொழிற்சாலையையே விலைக்கு வாங்கி, 1940 வரை வைத்திருந்தது. ஆகவே அக்காலத்து 'சுப்பர்டோன்' கிற்றார்களிற் பலவற்றின் பிறப்பிடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1932இல் பாடகர் ஜீன் ஓட்றியின் பெயரில் வெளிவந்த, மாட்டிடையர் காட்சி பொறித்த கிற்றாரும் ஹார்மனியிற் பிறந்ததே.

வார்டின் கதை அவ்வாறன்று. சொந்தத் தொழிற்சாலை இல்லாத அந்நிறுவனம் பலரிடம் செய்வித்து வாங்கியது. றெக்கோடிங் கிங் கருவிகளுட் பெரும்பாலானவற்றை மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரின் கிப்சன் கம்பனி செய்தது. வேறு தொழிற்சாலைகளும் சிலவற்றைச் செய்தன. பொருளாதாரப் பெருமந்தத்தில் மர விளையாட்டுப் பொருட்களைச் செய்தும் பிழைத்த தொழிற்சாலை அது. வார்டின் கட்டளைகளை மறுக்கும் நிலை அதற்கில்லை. எனினும் தன் பெயரைப் பொறிக்க அது விரும்பவில்லை. அதே பட்டறையின் கருவி தபாலிற் குறைந்த விலைக்குக் கிடைப்பதை அறிந்தால், கூடிய விலைக்கு விற்கும் அதன் முகவர்கள் சும்மா இருப்பார்களா?

அடையாளங் காண்போர் இடறுவது இங்கேதான். கிற்றாரின் கழுத்து வளையாதிருக்க அதனுள்ளே செலுத்தப்படும், திருகிச் சரிசெய்யக்கூடிய உருக்குக் கம்பி கிப்சனின் சொந்தக் கண்டுபிடிப்பு. 1923இல் காப்புரிமை பெற்றது. அதன் முனையை மூடும் மணி வடிவச் சிறு தகடு, தலைப்பகுதியிற் பளிச்செனத் தெரியும். அத்தகடு இல்லையெனில் அது கிப்சன் அன்று எனப் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் பிற பெயர்களில் விற்ற கருவிகளுக்கு அக்கம்பியைக் கிப்சன் வழங்கவில்லை. ஆகவே கம்பி இல்லாமை எதையும் மறுப்பதும் இல்லை, நிறுவுவதும் இல்லை.

பத்திரிகையின் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் இருந்தாலும், அச்சிட்டவர் எவர் என்பதைக் கடைசிப் பக்கத்தின் அடியிலே சிற்றெழுத்திற்றான் தேட வேண்டும். இத்தொழிலில் இருந்தவர்களைத் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. கிற்றாரிலும் அப்படியொரு சிற்றெழுத்து உண்டு. ஒலித்துளையினூடே மின்சூள் ஒளியைப் பாய்ச்சி, கழுத்தும் உடலும் பொருந்துமிடத்து உட்கட்டையைப் பார்த்தால், மையினால் இட்ட தொழிற்சாலைக் கட்டளை இலக்கம் மங்கலாகத் தெரியக்கூடும். 1938 முதல் 1941 வரையான இலக்கங்களில் முதலெழுத்து ஆண்டைக் குறிக்கும்: டி எனில் 1938, ஈ எனில் 1939, எஃப் எனில் 1940, ஜி எனில் 1941. அடுத்த எழுத்து எவருக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். ஜி என்றால் கிப்சன். கே என்றால் அதன் மலிவு வகையான கலமசூ. டபிள்யூ என்றால் வார்ட். கடைக்காரரின் பெயருக்குப் பின்னே தன்னை மறைத்துக்கொண்ட தொழிற்சாலை, தன் கணக்குக்காக இட்ட இந்த ஈரெழுத்தில் அகப்பட்டுக்கொள்கிறது.

இவ்வகையில் மிகவும் தேடப்படுவது றே விற்லி மொடல். விற்லி திரைப்படங்களிற் பாடி நடித்தவர்; கிப்சனின் புகழ்பெற்ற பேருருவக் கிற்றாரின் முதற்பிரதி 1937இல் அவருக்காகவே செய்யப்பட்டது. அவர் பெயரில் வார்ட் விற்றவற்றுள் 1027ஆம் இலக்கத்தது றோஸ்வூட் மரத்தாலானது, 1028ஆம் இலக்கத்தது மஹோகனியாலானது. மலிவுக் கருவிகளிற் பலவற்றில் மேற்பலகையின் உட்சட்டங்கள் ஏணிப்படி போல் நேராக ஒட்டப்பட்டிருக்கும். 1027இலோ அவை உயர்தரக் கிப்சன் கருவிகளிற் போலக் குறுக்காக வெட்டிச் செல்லும். இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவை எட்டுமுன்னரே இந்த மொடல்கள் நின்றுபோயின.

கலமசூத் தொழிற்சாலையைக் கிப்சன் 1984இல் மூடியது. வார்டின் அங்காடிகள் 2001இல் மூடப்பட்டன. 2000களில் வேறொரு நிறுவனம் றெக்கோடிங் கிங் என்ற பெயரை மீட்டெடுத்துப் புதிய கிற்றார்களை விற்கலாயிற்று. ஆகவே இப்போது தலைப்பகுதியில் அப்பெயரைக் காண்பவர், வார்டின் காலத்துக் கருவிதானா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டியுள்ளது. மின்சூளை எடுப்பது அதற்குப் பிறகுதான்.