ஞாற்றுவேலையும் குச்சி நிழலும்

போர்ச்சுகீசியர் மிளகுக் கொடி கேட்டார்களாம். கொடியைக் கொடுத்துவிட்டால் வணிகமே போய்விடுமே என்று கோழிக்கோட்டு அரண்மனையில் பலர் பதறினார்களாம். மன்னர் சாமூதிரியின் அமைச்சர் மங்ஙாட்டச்சன் மட்டும் கலங்கவில்லை. கொடியைத்தானே கொண்டுபோகிறார்கள், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டாராம்.

கேரளத்தில் இன்றும் சொல்லப்படும் இந்தக் கதைக்குள் ஒரு வானியல் பாடமே இருக்கிறது. ஞாற்றுவேலை என்றால் ஞாயிற்றின் வேளை. விஷுவை ஒட்டி அசுவினியில் புறப்படும் சூரியன் 27 நட்சத்திரங்களையும் கடக்க ஓராண்டு ஆகிறது. ஒன்றுக்குச் சுமார் பதின்மூன்றரை நாள்; அதுவே அந்த நட்சத்திரத்தின் ஞாற்றுவேலை. பாலக்காட்டு வயல்களில் நெல் விதைத்ததும், இடுக்கி மலைச்சரிவுகளில் மிளகுக் கொடி நட்டதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஜூன் 22 வாக்கில் திருவாதிரை பிறக்கும். அப்போது விரலை ஒடித்து நட்டாலும் துளிர்க்கும் என்பது ஊர்ப்பேச்சு.

சரி, அந்த நாட்களில் திருவாதிரை நட்சத்திரம் எங்கே இருக்கிறது? குழந்தைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. மேகம் விலகினாலும் அது கண்ணில் படாது; சூரியனை ஒட்டி நிற்பதால் பகல் வெளிச்சத்தில் மறைந்துவிடுகிறது. அதே நட்சத்திரம் மார்கழியில், இருட்டும் நேரத்தில் கிழக்கே செக்கச் செவேலென்று எழும். ஆருத்ரா தரிசனத்தன்று முழுநிலவும் அதன் அருகில் இருக்கும். ஆறு மாதத்தில் எதிர்ப்பக்கம் போனது நட்சத்திரம் இல்லை, நாம்தான் என்று புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பூமி சூரியனைச் சுற்றுவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வானியலார் பெட்டல்ஜூஸ் என்று அழைக்கும் இந்தச் செம்பெருமீன், 2019 இறுதியிலிருந்து சில மாதங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும்படி மங்கிப்போனது. அது கக்கிய தூசியே ஒளியை மறைத்தது என்று பின்னர் கண்டறிந்தார்கள்.

நம்பிக்கையைக் கண்ணால் சரிபார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாலக்காட்டைத் தாண்டி ஓடும் நிளா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கருகே வாழ்ந்த வானியலாளர் பரமேசுவரர், சுமார் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்தார். பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ என்ற திருத்திய முறையைத் தந்தார்.

ஞாற்றுவேலையும் நகர்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால், நட்சத்திரக் கணக்கு பருவத்தைவிட்டு 72 ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் தள்ளிப்போகிறது. வாஸ்கோடகாமா வந்திறங்கிய 1498இல், திருவாதிரை ஞாற்றுவேலை பருவக் கணக்கில் இன்றைவிட ஒரு வாரம் முன்னதாகவே பிறந்தது.

இதையெல்லாம் கேட்ட பிள்ளைகள் கையில் ஒரு குச்சியைக் கொடுங்கள். பாலக்காட்டிலும் மூணாற்றிலும் விஷு முடிந்த சில நாட்களில், ஏப்ரல் 16 முதல் 18க்குள், சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்ட் 25 முதல் 27க்குள் இன்னொரு முறை வரும். அன்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து நடுங்கள். பகல் 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் முனையைச் சுண்ணாம்பால் குறிக்கச் சொல்லுங்கள். 12.20 தாண்டியதும் குறிப்பதற்கு நிழலே இருக்காது.